மீசையில் காய்த்த பூசணி

எண்பத்தேழில் நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். ஆயுத பூஜைக்கு யார் வீட்டுக் கொடியில் பூசணி காய்க்கிறதோ, அவர்தான் அதைப் பட்டறை வாசலில் உடைப்பார். அந்த வருஷம் வேம்புலி முந்திக்கொண்டான். "எங்கூட்டுக் காய்தான், நான்தான் ஒடைப்பேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

பட்டறைக்குப் பின்சந்தில், அவன் வீட்டு வேலியில் கொடி பூத்துத் தள்ளியது. பிஞ்சுதான் நிற்கவில்லை. பக்கத்தில் அடித்த பெயிண்ட் நாற்றத்தில் தேனீக்களுக்குப் பூ எது, டின் எது என்று தெரியவில்லை.

"இன்னா மாமே, அடுத்த பூஜைக்காச்சும் காய்க்குமா?" என்று கூட வேலை பார்த்த தங்கவேல் தினமும் கேட்டான். வேம்புலிக்குச் சோறு இறங்கவில்லை.

பூவுக்கு ஒரே வேலை, கூப்பிடுவது. தேனீ வராவிட்டால் வருகிறவனைக் கூப்பிட வேண்டியதுதான். அடுத்து வந்த பூக்கள் வெல்லமாக மணத்துப் பார்த்தன. எறும்பு வந்தது, பிரயோஜனமில்லை. அதற்கடுத்து வந்தவை சந்தில் போகிறவர்களைக் கவனித்திருக்க வேண்டும். ஆண் பூ இஞ்சி டீயாக மணத்தது. பெண் பூ மசால்வடையாக மணத்தது.

ஷிப்டுக்குப் போகிற வழியில் நாங்கள் முதலில் டீயில் மூக்கை விட்டோம். டீயைக் கண்டவன் வடை தேடுவான் அல்லவா? மகரந்தம் ஒட்டிய மீசையோடு வடைப் பூவுக்குப் போனோம். மீசை இல்லாத ஜேம்ஸ் குனிந்தபோது பூ மூடிக்கொண்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரே ஒரு காய் நின்று, பூஜைக்குள் குடம் அளவு வளர்ந்தது. வேம்புலி அதில் சூடம் ஏற்றிச் சுற்றி, தலைக்கு மேல் ஓங்கினான்.

"இரு நைனா!" போர்மேன் நாகேந்திரன் குறுக்கே வந்தார். "அது எம் மீசைல வந்த கொயந்த."

"இன்னா சார் சொல்றீங்க? காம்பப் பாருங்க, அப்டியே என் மூக்கு மாரி கீது" என்றான் தங்கவேல்.

நானும் உரிமை கேட்டேன். எனக்கும் மீசை உண்டு.

"டேய், கொடி என்னுதுடா!" வேம்புலி அழாத குறை. "வுடுங்கடா, ஒடைச்சிக்கிறேன்."

"பெத்த புள்ளயப் போட்டு ஒடைப்பாங்களா?" என்றார் நாகேந்திரன். "கொடி உன்னுதுன்னா நீ தாய்மாமன். சீர் எங்க?"

வேம்புலியின் கை தானாகக் கீழே இறங்கியது. அந்த வருஷம் வாசலில் எலுமிச்சம்பழம்தான் நசுக்கினோம். தாய்மாமன் பூசணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, உலகநாதன் ட்ரில்லிங் மிஷினிலிருந்து மெல்லிய பிட் ஒன்றைக் கழற்றி வந்து காது குத்தினான். காது எந்தப் பக்கம் என்பதில் மட்டும் கொஞ்சம் அடிதடி ஆனது.