ஆள்கயிறு

மட்டாஞ்சேரியில் மரம் வெட்டும் சங்கரலிங்கத்திடம் இரண்டு கயிறு உண்டு. கொம்பைக் கட்டி இறக்க மரக்கயிறு. ஆள் ஏறித் தொங்க ஆள்கயிறு. ஆள்கயிற்றில் ஒரு சுள்ளியைக்கூடக் கட்டக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவனே அவன்தான். ஏறுகிறவன் தங்கை பொன்மணியின் புருஷன் ரமேஷ்பாபு ஆயிற்றே.

செவ்வாய்க்கிழமை ரமேஷ்பாபு வேலைக்கு வரவில்லை. மரக்கயிறு தேவராவில் நடக்கும் இன்னொரு வேலையில் கிடந்தது. ராமபத்ரன் வீட்டு மாங்கொம்போ அடுக்களைக்கு மேலே முறிந்து தொங்கியது. “வேகம் ஆகட்டும்! ஓடு ஒடஞ்சா நீயா மாத்தித் தருவே?” என்று அவர் குதித்தார். ஒரே ஒரு கொம்புதானே என்று ஆள்கயிற்றைக் கட்டி, அடிமரத்தில் இரண்டு சுற்று சுற்றி இறக்கினான் சங்கரலிங்கம். பாழாய்ப்போன கொம்பு கனத்தது. நைலான் கயிறு சர்ரென்று ஓடிப் புகைந்தது. ஒரு முனைப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உருகி விறைத்துப்போனது.

வெட்டி எறிந்தால் நீளம் பத்தாது. சொன்னால் ரமேஷ்பாபு ஏறமாட்டான், நாளைய வேலை கெடும். மேல்பாதிதானே ஆளைத் தாங்கும், கெட்ட முனை தரையில் கிடக்கட்டும், வெள்ளிக்கிழமை புதுசு வாங்கலாம். இப்படி மனசுக்குச் சமாதானம் சொல்லி வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நல்ல முனையை அவனே மச்சினன் கையில் கொடுத்துவிட்டுச் சாயா வாங்கப் போனான். திரும்பி வந்தபோது ரமேஷ்பாபு நாற்பதடி உயரத்தில், கொம்பில் கால் ஊன்றி, மெஷின் வாளால் அறுத்துக்கொண்டிருந்தான். தரையில் கிடந்த முனையைச் சங்கரலிங்கம் பார்த்தான். அது சுத்தமாக இருந்தது.

ஐயோ! உருகின முனை மேலே போயிருக்கிறது! கயிறு ஒரே பக்கம் தேயாமலிருக்க தினமும் முனையை மாற்றிக் கட்டுவது ரமேஷ்பாபுவின் வழக்கம். அதைப் பழக்கிவிட்டதும் இந்த மகராசன்தான். எப்படி மறந்தான்?

“மாப்ள! கயித்துல சாயாத! கொம்பப் பிடி!”

மெஷின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கீழே கை ஆடுவதைக் கண்டு ரமேஷ்பாபு மெஷினை நிறுத்தினான். இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று, கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்தான்.

“என்ன மச்சான்?”

கயிறு அறுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்மணி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். “நீ பாத்துக் குடுத்த கயிறுல்லாண்ணே? எப்படிண்ணே அறும்?”

“கெட்டுப்போன கயிறும்மா. எனக்கு நேத்தே தெரியும்.”

அழுகை நின்றது. அவள் கையை விட்டாள்.

“அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாண்ணே?”