கறிவேப்பிலைச் சாடி

பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் எங்கள் பழைய வீட்டைச் சூடாக்க அப்பா ஹீட் பம்ப் போட விரும்பினார். கூரைக்கடியில் சூட்டை மறிக்கும் இன்சுலேஷன் புதிதாகப் போடாவிட்டால் சூடெல்லாம் மேலால் போய்விடும் என்று அம்மா விடவில்லை. சண்டையைத் தீர்க்க, வீட்டைச் சோதித்துப் பார்க்கும் ஒருவரை வரவழைத்தோம். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்கும் நான்தான் அவருடைய பிரெஞ்சைத் தமிழில் சொன்னேன்.

கூரைக்கடியில் தலையை நீட்டியவர் உடனே இறங்கிவிட்டார்.

"என்னவாம்? ஹீட் பம்ப்தான் சரியெண்டு கொம்மாவுக்குச் சொல்லு பிள்ளை," என்றார் அப்பா.

"மேலை அந்தக் காலத்திலை இன்சுலேஷனுக்கெண்டு கொட்டின மணியளிலை அஸ்பெஸ்டஸ் இருக்கலாமாம். தூசு நெஞ்சுக்குள்ளை போனா, கன வருசத்துக்குப் பிறகுதான் வருத்தம் தெரியுமாம். ஒருத்தரும் தொடக்கூடாதாம்."

"நாங்கள் ஏன் தொடப்போறம்?" அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. யன்னலோரம் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைச் சாடியைப் பார்த்தார். கோடையில் மேலே பெட்டி வைக்க ஏறியபோது, பொன்போல மினுங்கிய அந்த மணிகளை வாளியில் அள்ளி வந்திருந்தார். மண்ணில் கலந்தால் பனிக்காலத்தில் வேர் குளிராது என்று நினைத்தார். கன்று நன்றாகத் தழைத்திருந்தது.

"தண்ணி ஊத்தி நனைச்சா பரவாயில்லையோ எண்டு கேள்," என்றார் அம்மா.

கேட்டேன். அவர் சாடியைப் பார்த்தபடி மெதுவாகப் பதில் சொன்னார்.

"அதை அசைக்க வேண்டாமாம். ஆர் ஆர் கை வைச்சது எண்டு கேக்கிறார், அம்மா."

அம்மா தன் கைகளைக் காட்டினார். பிறகு, பாலர் பள்ளியிலிருந்து இன்னும் வராத என் தங்கச்சியின் பெயரைச் சொன்னார்.