உடையாத ட்ரில் பிட்

கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டை ஒட்டி சேவியரின் ஹார்ட்வேர் கடை. 2001-இல் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தது அவர் மகள் ஜோசபின். இரும்புக்கு எந்த ட்ரில் பிட், சுவருக்கு எது, மரத்துக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தானே ஒரு வாடிக்கைக்காரன்!

பெயர் நிர்மல். ஊர் கோயம்புத்தூர். ஆகுர்டியில் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். சனிக்கிழமை தவறாமல் உடைந்த பிட்டோடு வந்து நிற்பான். ரூமில் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு மாட்ட வேண்டுமாம், அதில் ஓட்டை விழவே மாட்டேன் என்கிறதாம். முதலில் மரத்துக்கான பிட்டைக் கேட்டு வாங்கிப் போனான். அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல் அடுத்து சுவருக்கானதை. போன வாரம் அவளே இரும்புக்கானதைப் பார்த்துக் கொடுத்தாள். பம்புசெட் ஊரில் பிறந்தவனுக்கு இதுகூடவா தெரியாது என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் சனிக்கிழமை என்றால் நல்ல சுடிதாராகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்வாள். ஏன் என்று யாராவது கேட்டால் கோபம் வரும்.

இந்தச் சனிக்கிழமை கோபமே வேறு. தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நாளை பூசை முடிந்ததும் சம்மதமா இல்லையா என்று அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். இவனோ வாயைத் திறந்தால் பிட்டைத் தவிர வேறு பேச்சு பேசுவதில்லை. நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையே வந்தது.

வந்தான். "ஏனுங்க, இதுவும் உடைஞ்சு போச்சுங்க" என்று துண்டைக் கல்லா மேல் வைத்தான்.

ஜோசபின் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எதுல ஓட்டை போட்டீய?"

"எவர்சில்வர்லதானுங்க."

"எவர்சில்வர்ல இத ஓட்டிப் பாழாக்குனா சூட்டுல முனை நீலம் பாஞ்சிருக்கும், கூரு மழுங்கிருக்கும். இது கடையில இருந்து போன மாதிரியே இருக்கு. இந்தா, வைஸ் இடுக்கி கடிச்ச தடம். அதுல மாட்டி வச்சு சுத்தியலால ஒரு போடு போட்டீயளா?"

நிர்மலின் காது சிவந்தது. "ரெண்டு போடுங்க" என்றான்.

சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டிராயரிலிருந்து வேறொரு பிட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"கோபால்ட் பிட்டு, பக்கா மால். மெதுவா ஓட்டணும், எண்ணெய் விட்டுக்கிட்டே அழுத்திப் பிடிக்கணும். வாழைத்தண்டுல எறங்குத மாதிரி எறங்கும், லேசுல உடையாது. இத வாங்கிட்டுப் போனா அடுத்த சனிக்கிழமை என்ன சொல்லிட்டு வருவீய?"

அவன் அதைத் தொடவில்லை. "இது வேண்டாங்க" என்றான். "அப்பா எப்பங்க வருவாரு?"

"அவுககிட்ட எந்தப் பிட்டு கேக்கப் போறீய?"

"பிட்டு இல்லீங்க. உங்களைத்தானுங்க கேக்கோணும்."

இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜோசபின் உடைந்த துண்டை எடுத்துத் துணியால் துடைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அப்பா டெம்போல சரக்கு எடுக்கப் போயிருக்காவ. உக்காருங்க. வந்ததும் சட்டுனு கேட்டுருங்க. நாளைக்கு நான் இன்னொருத்தருக்குப் பதில் சொல்லணும்."

நிர்மல் உட்காரவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், ரோட்டில் வருகிற ஒவ்வொரு டெம்போவையும் எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றான்.