நாற்பத்தொன்றாம் எண் சுவர்

முதலில் வந்தது மீன் சந்தையின் பின்சுவர். அந்தச் சுவரைப் பற்றி எங்கள் நகரசபைக்கு நான்கு வருடமாக மனு வந்துகொண்டிருந்தது. வருகிற போகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒதுங்குவது அங்கேதான். 'இங்கே அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதிவைத்தோம். அந்த எழுத்தின் மேலேயே குறிபார்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் சுவர் நெடுக, துணி உலர்த்தும் கொடி ஒன்று. கொடியில் பதினோரு வெள்ளைச் சட்டைகள், கிளிப் மாட்டி, காற்றில் லேசாகப் புடைத்துக்கொண்டு. எல்லாம் பெயிண்ட். துவைத்துக் காயப்போட்ட சட்டையின் மேல் போக யாருக்கு மனசு வரும்? பத்து நாளில் நாற்றம் நின்றுவிட்டது.

நான் நகரசபையின் மனுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். வருகிற மனுவுக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, அதன் சாரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி அந்தப் பக்கங்களில் கையெழுத்துப் போடுவார். அவருக்கு ஆபீஸில் பெயர் அடிக்கோடு. எந்தக் காகிதம் போனாலும் சிவப்புப் பேனாவால் நான்கு இடத்திலாவது கோடு போடாமல் விடமாட்டார். ஒருமுறை சொந்த மகளின் திருமண அழைப்பிதழிலும் போட்டார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

பதிவேட்டை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. நான் கொண்டுபோவேன். எங்கள் அறையில் மின்விசிறி பக்கத்தைப் புரட்டிவிடும். மனுக் கொடுக்க வந்தவர்கள் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார்கள். அதில் உட்கார்ந்து எழுதினால் கோழி கிளறினது மாதிரி இருக்கும். அதனால் ஞாயிறு மாலை வீட்டில் உட்கார்ந்து, மைப் பேனாவால் அந்த வாரத்து மனுக்களை எழுதி, மை காயட்டும் என்று சாப்பாட்டு மேஜையில் திறந்தபடி வைத்துவிட்டுப் போவேன்.

சட்டைக்குப் பிறகு பள்ளிக்கூடச் சுவர். அங்கே ஒரு குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஒழுகுகிற இடம் தும்பிக்கை நுனியாக வரும்படி ஒரு யானை வந்து நின்றது. குழாயைச் சரிசெய்யப் போன பிளம்பரைப் பிள்ளைகள் உள்ளே விடவில்லை. 'தயவுசெய்து எங்கள் குழாயை அடைக்காதீர்கள்' என்று முப்பத்தொரு கையெழுத்தோடு மனு வந்தது. அதே தபாலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யானையின் முன்காலில் நகங்களின் எண்ணிக்கை தவறு என்றும் மாணவர் நலன் கருதி உடனே திருத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இரண்டுக்கும் எண் போட்டேன்.

அப்புறம் விளக்கு எரியாத சந்தில் ஒரு பெரிய விளக்கு, சுற்றிலும் விட்டில் பூச்சிகள். அதைப் பார்த்த வெட்கத்தில் மின் பிரிவுக்காரர்கள் நான்கே நாளில் நிஜ விளக்கை எரியவைத்தார்கள். பிறகு இன்னும் மூன்று சுவர்கள். வரைந்தவர் பெயர் போடவில்லை. "யாரோ வரைஞ்சது" என்று ஊர் சொல்லிச் சொல்லி, யாரோ என்பதே பெயராகிவிட்டது. "எங்க தெருவுக்கு யாரோ வந்துட்டாருல்ல!" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். சுவருக்குச் சொந்தக்காரர்கள் சிலர் வழக்குப் போடுவேன் என்றார்கள். வேறு சிலர், பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும் என்ன ஒசத்தி என்று கேட்டார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவருடைய தங்கை, என் நாத்தனார், ஒரு பேக்கரியில் கேக்குக்கு அலங்காரம் செய்கிறாள். விடிவதற்கு முன்பே போய், மத்தியானம் முழங்கை வரை கிரீம் ஒட்டத் திரும்புவாள். அவள் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் கிரீம்பன்.

ஒருநாள் சாப்பிடும்போது யாரோவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்த ஆள் மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்றார் என் வீட்டுக்காரர். "நம்ம பாத்ரூம் கதவுல ஒரு தாழ்ப்பாள் வரையச் சொல்றேன். நிஜத் தாழ்ப்பாள் போட இந்த வீட்ல ஆள் இல்ல."

"அந்த வேலை உன்னோடதுண்ணா," என்றாள் கிரீம்பன். "அப்புறம், ஆளு ஆளுன்றியே, ஆம்பளைன்னு யாரு சொன்னா?"

"பின்ன? பொம்பளையா வந்து ஏணி போட்டு ஏறுவா?"

"ஏன், ஏணி ஆம்பளையத்தான் தாங்குவேன்னு எழுதிக் குடுத்துருக்கா?"

"அண்ணி, இவள அடக்கி வையி," என்று அவள் என்னை அழைக்கிற மாதிரியே என்னை அழைத்துக் கேலி செய்தார். நான் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். வேறெதுவும் தோன்றவில்லை.

ஏழாவது படம் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. நீளத் தெருவில் நாற்பத்தொன்றாம் எண், பல் மருத்துவரின் சுவர். அதில் மூன்று பேர் உட்காரும்படி ஒரு சோபா. வெண்ணெய் நிறம். விளிம்பெல்லாம் சிப்பி சிப்பியாக வளைவு. மருத்துவர் முதலில் கோபத்தில் குதித்தார். பிறகு பல் பிடுங்க வந்தவர்கள் சோபா முன்னால் வீங்கிய கன்னத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே உள்ளே வர ஆரம்பித்ததும், கையில் ஈரத்துணியோடு வெளியே வந்து, "சாயாதீங்க, அழுக்காகுது," என்று தானே காவல் காத்தார்.

புதன்கிழமை ஒரு மனு வந்தது. எழுதியவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். அதே நீளத் தெருவில் பதினான்காம் எண். மனுவின் பொருள்: 'என் மனுவுக்கு வேறொருவர் வீட்டில் நடவடிக்கை எடுத்தது குறித்து.'

'ஐயா, என் வீட்டு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லை, முழங்கால் வலியுள்ள என் மனைவி நின்றுகொண்டே இருக்கிறாள் என்று போன வாரம் மனுக் கொடுத்தேன். இந்த வாரம் நாற்பத்தொன்றாம் எண்ணில் சோபா வரையப்பட்டுள்ளது. அங்கே பஸ் நிற்பதில்லை. பல் வலிக்கு நின்றுகொள்ளலாம், முழங்கால் வலிக்கு முடியாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.'

நான் அதைச் சிரித்துக்கொண்டே அதிகாரியிடம் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ஐந்து கோடு போட்டார்.

"இந்த மனுசன் என்ன சொல்றார்னு புரியுதாம்மா?"

"சோபா வேணும்னு கேக்கறார் சார்."

"அந்த யாரோ நம்ம மனுவைப் படிச்சுட்டுத்தான் வரையறான்னு சொல்றார். யோசிச்சுப் பாருங்க. மீன் சந்தை, குழாய், விளக்கு. எல்லாமே நம்மகிட்ட வந்த மனு. வரைஞ்ச சுவர் ஒரு பக்கம், மனு ஒரு பக்கம்னு ஒரு அட்டவணை போடுங்க. வெள்ளிக்கிழமை தலைவர் கேப்பார். உள்ளேர்ந்துதான் விஷயம் போகுதுன்னா, விட்டவங்க அந்த சீட்ல இருக்கமாட்டாங்க."

அட்டவணை போடுவது எனக்குச் சர்க்கரைக் கட்டி. அன்று மாலையே எல்லாரும் போனபிறகு உட்கார்ந்தேன். ஆறு சுவருக்கு ஆறு மனு, பூட்டுக்குச் சாவி மாதிரிப் பொருந்தியது. ஏழாவதற்கு மூலமனுவை எடுத்தேன். பதினான்கு என்றுதான் இருந்தது, அச்சடித்த மாதிரி தெளிவாக. நாற்பத்தொன்றிலிருந்து யாரும் எதுவும் கேட்டதே இல்லை. அப்படியானால் யாரோவுக்கு நாற்பத்தொன்று எங்கிருந்து கிடைத்தது?

பதிவேட்டைத் திறந்தேன். வரிசை எண் 212. நீளத் தெரு, கதவு எண் 41, பஸ் நிறுத்தத்தில் இருக்கை இல்லை. என் கையெழுத்து. இலக்கம் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தேன்.

ஞாயிறு மாலை எழுதியது. திங்கட்கிழமை விடிந்தபோது சோபா சுவரில் இருந்தது. பதிவேடு என் பையிலிருந்து இறங்கி அலுவலக மேஜைக்கு வந்தது திங்கள் பத்து மணிக்கு. நடுவில் அது இருந்த ஒரே இடம் எங்கள் சாப்பாட்டு மேஜை. அப்போதுதான் அந்தச் சிப்பி விளிம்பு நினைவுக்கு வந்தது. எங்கள் திருமண நாளுக்கு வந்த கேக்கைச் சுற்றிலும் அதே விளிம்பு இருந்தது. அதை நானே கத்தியால் வெட்டினேன்.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. கிரீம்பன் கால் நீட்டி உட்கார்ந்து நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சோபா நல்லாருக்கு," என்றேன்.

"எந்த சோபா அண்ணி?"

"பல் டாக்டர் சுவத்துல இருக்கறது. ஆனா நீ போட வேண்டியது பதினாலுல. நாற்பத்தொண்ணு நான் தப்பா எழுதினது."

அவள் நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தினாள். முழிகள் மட்டும் ஒருமுறை சமையலறைப் பக்கம் போய்த் திரும்பின. ஓடுவதற்கு வழி பார்க்கிற பூனை மாதிரி. பிறகு, "அதானே பார்த்தேன்," என்றாள். "அங்க பஸ்ஸே நிக்கலியேன்னு எனக்கே சந்தேகம். ஆனா நீங்க தப்பா எழுதுவீங்கன்னு நான் எப்படி நெனைப்பேன்?"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது சிரிப்பு, அடக்கிக்கொண்டேன்.

"ஏண்டி இந்த வேலை உனக்கு?"

"ஞாயித்துக்கிழமையானா நீங்க திறந்து வெச்சுட்டுப் போவீங்க. சும்மா படிக்க ஆரம்பிச்சேன். எல்லாரும் எவ்ளோ பணிவா கேட்டிருப்பாங்க அண்ணி! கடைசிக் கட்டத்துல 'நடவடிக்கையில் உள்ளது'ன்னு இருக்கும். அடுத்த வாரமும் அதேதான். கேக்குக்கு அடியில வெக்கற அட்டை இருக்கில்ல, அதுலதான் படத்துக்கு அச்சு வெட்டிக்குவேன். வேலைக்குப் போற வழியில அரை மணி நேரம். நான் போடற கேக்கு சாயங்காலத்துக்குள்ள வயித்துக்குள்ள போயிடும். சுவருன்னா மழை வர்ற வரைக்குமாவது நிக்குமில்ல?"

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். சீட் போய்விடும் என்பதையும் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நானே வந்து சொல்லிடறேன் அண்ணி."

"நீ வந்து சொன்னாலும் பதிவேடு வீட்டுக்கு வந்த கதை கூடவே வரும். மாட்டறது நான்தான்."

"அப்ப ஒண்ணு பண்ணலாம்." அவள் கிட்டே வந்தாள். "அந்த நாற்பத்தொண்ணப் பதினாலா மாத்திடுங்க. யாரோதான் முட்டாள், சுவரு மாத்திப் போட்டுட்டான்னு போயிடும். பிளேடு குடுங்க, நான் சுரண்டித் தர்றேன். கிரீம் மேல எழுதின பேரையே தடம் தெரியாம எடுப்பேன்."

அட்டவணையை முடிக்கலாம் என்று கொண்டுவந்த பதிவேடு என் பையில்தான் இருந்தது. அவள் கைநேர்த்தி எனக்குத் தெரியும், செய்தும் காட்டிவிடுவாள். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு எழுத்தைச் சுரண்டியதில்லை. தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் வைப்பதுதான் என் வழக்கம். அடித்தது என்ன என்பதும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றேன். "என் பங்கை நான் சொல்லிக்கறேன். உன் பங்கை அதிகாரி கேட்டா அப்ப பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை அட்டவணையை வைத்தேன். ஏழாவது வரிசைக்கு நேராக, 'பதிவேட்டில் எண் தவறாக எழுதப்பட்டது. எழுதியவர்: நான். எழுதிய இடம்: என் வீடு' என்று எழுதியிருந்தேன். அடிக்கோடு படித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஆமா சார். ஒவ்வொரு வாரமும்."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"மூணு பேர் சார். நானு, எங்க வீட்டுக்காரர்." கொஞ்சம் நிறுத்தினேன். "அவருக்கு ஒரு ஆணி நேரா அடிக்க வராது சார்."

சொன்ன பிறகுதான் மூன்றாவது ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்திவிட்டேன் என்று புரிந்தது. அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அட்டவணையைப் பார்த்தார். மீன் சந்தை வரிசையில் விரலை வைத்தார்.

"இந்த மனு நாலு வருசமா திறந்தே கிடந்துச்சு. ஒவ்வொரு மாசமும் தலைவர் இதுக்காக என்னைத் திட்டுவார். போன மாசம் திட்டல." விரலை எடுத்தார். "விஷயம் எங்கேர்ந்து போச்சுன்னு கேட்டாங்க. பதிவேடு வெளிய போனதால போச்சு. இனிமே போகாது. கேட்டதுக்குப் பதில் அவ்வளவுதான். வரைஞ்சது யாருன்னு யாரும் என்னைக் கேக்கல. நான் உங்களைக் கேக்கல. நீங்களா எதுக்கும்மா ஆணி கீணின்னு உளர்றீங்க?"

"சீட் சார்?"

"மெமோ வரும். வாங்கிக்கங்க. உங்க எழுத்து மாதிரி இன்னொருத்தர் எழுத்தை நான் இந்த வயசுல படிச்சுப் பழக முடியாது."

மத்தியானமே மெமோ வந்தது, என் பெயருக்கு வந்த முதல் மெமோ. அதில் 'வீட்டிற்கு' என்ற சொல்லுக்கு மட்டும் இரட்டைக் கோடு. கோப்பில் சேர்க்கிற வேலையும் என்னுடையதுதான் என்பதால் அதற்கும் நானே எண் போட்டேன். 212-ல் ஒற்றைக் கோடு போட்டு, 14 என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்தேன். அன்றிலிருந்து பதிவேடு அலமாரியில் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க எழுதுகிறேன்.

அடுத்த வாரம் பதினான்காம் எண் சுவரில் ஒரு நாற்காலி வந்தது. ஒற்றை ஆள் உட்கார்கிற மாதிரி, கை வைத்தது, முழங்காலுக்கு ஒரு சிறு மெத்தையோடு. அதற்குப் பிறகு ஊரில் புதுப்படம் எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு இதுவரை இருபத்து மூன்று மனுக்கள். யாரோவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு ஒன்று. பிள்ளைகள் யானைக்கு ஒரு குட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் வீட்டில் சொல்வதில்லை. கிரீம்பன் கேட்பதும் இல்லை. ஞாயிறு மாலை மட்டும் காலியான சாப்பாட்டு மேஜையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவாள்.

டிக்கெட் பரிசோதகரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. 'நாற்காலி கிடைத்தது, நன்றி. படத்தில் என் மனைவி உட்கார முயன்றாள். முடியவில்லை.'

அந்தக் கடிதத்தை மேலே வைத்து, மூலமனுவைக் கீழே வைத்து, பெஞ்சு போடுகிற வேலைப் பிரிவுக்கு நானே மாடியேறிக் கொண்டுபோனேன். அதற்குப் பின் வாரம் ஒருமுறை ஏறினேன். பதினோராவது வாரம் பெஞ்சு ஏற்றிய வண்டியிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நீளத் தெருவுக்கு வந்துட்டோம். எந்த நம்பர் வாசல்ல இறக்கணும்?"

மூலமனுவை எடுத்து எதிரே வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணு," என்றேன். "அப்புறம் நாலு. எங்க, திருப்பிச் சொல்லுங்க."