திரௌபதி போட்ட பாலம்

அத்திக்கொல்லையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு காட்டாறு ஓடியது. கோடையில் அதில் கணுக்கால்கூட நனையாது. மழைக்காலத்திலோ எருமையையே உருட்டிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் அக்கரை ஊரில் இருந்ததால் வெள்ளம் வடியும்வரை யாரும் போக வேண்டியதில்லை. ஏன் வரவில்லை என்று வாத்தியார் வந்து கேட்கவும் வழியில்லை. ஜவ்வாது மலையில் இதைவிட நல்ல சாமி கிடையாது என்று பிள்ளைகள் அந்த ஆற்றைக் கும்பிடாத குறை.

திரௌபதி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. மழை பிடிப்பதற்கு முந்தின நாள் வாத்தியார் ஆதிநாராயணன் கடலைப் பற்றிப் பாடம் நடத்தினார். கடல் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்றார். ஏன் சார் என்று இவள் கேட்டாள். மணியடிக்கிற நேரம். நாளைக்குச் சொல்கிறேன் என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலமே வானம் பொத்துக்கொண்டது. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

பொறுக்க முடியாமல் ஊரில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தாள். அம்மா குப்பம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தாள். கடலைக் காய்ச்சினவளும் தன்னைப்போல ஆயிரம் வேலை உள்ளவளாக இருந்திருப்பாள், மறதியில் இரண்டு தடவை உப்புப் போட்டிருப்பாள் என்றாள். அப்பா துரைக்கண்ணு கொஞ்சம் யோசித்து, அவ்வளவு மீனுக்கும் வேர்த்தால் கரிக்காமல் என்ன செய்யும் என்றார். மிச்சம் இருந்தவர் நசருல்லா பாய். அவர் வாணியம்பாடிக்காரர். மட்டக்குதிரைமேல் உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவார், தோல் பதனிடும் ஷாப்புகளுக்காகக் கடுக்காய் வாங்கிப் போவார். இந்த முறை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு குதிரையோடு அத்திக்கொல்லையிலேயே தங்கிவிட்டார். மதராசில் கடலைப் பார்த்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"நானும் அதத்தான் கடல்கிட்ட கேட்டேன் பாப்பா. அது வுடாம இன்னாவோ சொல்லிக்கினே இருந்துச்சி. எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்றார் பாய்.

வாத்தியாரைப் பார்த்தால்தான் ஆகும் என்று திரௌபதிக்குத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்குப் புரையேறியது. அம்மா, கன்றுக்குட்டியை ஒழுங்காகக் கட்டத் தெரியாதவள் ஆற்றைக் கட்டப் போகிறாளாம் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் ஊருக்கே கேட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் திரௌபதிக்கு இஞ்சினீரு என்று பெயர் விழுந்துவிட்டது. இஞ்சினீர் என்றால் காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியும் வேண்டும், முதலில் தொப்பிக்கு ஏற்பாடு செய் என்றார் பாய். பின்னாளில் அவள் உண்மையாகவே நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்தபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அதற்குள் அந்தப் பெயர் அவ்வளவு பழகிப்போயிருந்தது.

முதல் பாலத்தை அவளும் தோழி மணியம்மாளும் கட்டினார்கள். மணியம்மாளுக்குப் பள்ளிக்கூடம் போகும் ஆசையெல்லாம் இல்லை. பாலம் முடிந்தால் மடி நிறைய நெல்லிக்காய் தருவதாகப் பேச்சு. ஆள் நடக்கிற துறையிலேயே, மழை கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து, காய்ந்த மூங்கில்களைக் கொடியால் பிணைத்துத் தண்ணீருக்குமேல் தள்ளினார்கள். பாதி ஆற்றுக்கு எட்டியது. நாளைக்கு மீதி என்று வீட்டுக்கு வந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மூங்கிலும் இல்லை, கட்டின கொடியும் இல்லை.

"உனக்கு முந்தி உன் பாலம் கடலப் பாக்கப் போய்ட்டுது" என்றார் பாய். ஊரே சிரித்தது. மணியம்மாள் நெல்லிக்காயை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு நின்றுகொண்டாள்.

திரௌபதிக்கு அழுகை வந்தது. ஆனால் யார் முன்னாலும் அழக் கூடாது என்று ஆற்றங்கரையிலேயே போய் உட்கார்ந்தாள். அழ உட்கார்ந்தவள் வெள்ளத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மிதந்துவந்த சுள்ளி ஒன்று ஓரிடத்தில் அம்பாகப் பாய்ந்தது, இன்னோரிடத்தில் சோம்பலாகச் சுற்றியது. ஏன் அங்கே வேகம், ஏன் இங்கே இல்லை? கரையோரம் குச்சிகளை நட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாள். மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். அம்மா மட்டும், இஞ்சினீருக்குக் கஞ்சி ஆற்றங்கரைக்கே வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே தினமும் கொண்டுவந்து கொடுத்தாள்.

துறைக்குக் கொஞ்சம் மேலே, முட்புதருக்குள் இரண்டு பெரிய பாறைகள் எதிரும் புதிருமாக நின்றன. ஆறு அங்கே ஒடுங்கி ஆழமாக ஓடியது. முள்ளுக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மழை விடும்போதெல்லாம் பாறையின் உச்சியிலிருந்த பாசி மட்டும் காய்ந்துவிடுவதைத் திரௌபதி கண்டுபிடித்தாள். வெள்ளம் அதுவரைக்கும் ஏறவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்பாவிடம் பெரிய மூங்கில் வெட்டித் தரும்படி கேட்டாள். சாமை அறுப்பு முடியட்டும் என்றார். அதற்குள் ஆறே வற்றிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அரிவாளை எடுத்துக்கொண்டு தானே புதரில் இறங்கினாள். துரைக்கண்ணு கொல்லையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெட்டுகிற வெட்டு மூங்கிலுக்குச் சொறிந்துவிடுவதைப்போல இருந்தது. நல்ல வேலைக்காரனால் கெட்ட வேலையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கடைசியில் கோடரியோடு வந்தார்.

"கத்தி புடிக்கத் தெரியல, பாலம் கட்டறாளாம். தள்ளிக்கோ" என்றார்.

தள்ளிக்கொள்ளச் சொன்னாரே தவிர, எந்த மூங்கில், எவ்வளவு நீளம் என்பதை அவளைத்தான் கேட்டார். நீண்ட மூங்கிலைப் பாறைமேல் செங்குத்தாக நிறுத்தி அக்கரைப் பாறைமேல் சாயவிட்டார். அதன்பக்கத்தில் இன்னும் சில. குறுக்கே கழிகள், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கொம்பு. கொடி போதாது என்று தெரிந்ததும் நசருல்லா பாய் தன் சுமைக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். குதிரைக்கும் ஊருக்குப் போக ஆசையாக இருக்கிறதாம், அதன் சார்பாகத் தருகிறாராம். குதிரை அந்தப் பாலத்தில் நடக்காது என்று திரௌபதி சொன்னாள். அதைக் குதிரையிடம் நீயே சொல்லிவிடு என்றார் பாய்.

பாலம் முடிந்ததும் ஊர் கூடி நின்றது. யாரும் காலெடுத்து வைக்கவில்லை. போட்டவள் போகட்டும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கீழே தண்ணீர் இரைந்தது. திரௌபதி முதல் அடி வைத்ததும் மூங்கில் தாழ்ந்து எழும்பியது. நடுவில் வந்ததும் நின்றேவிட்டாள். காய்ந்த பாசியை நினைத்துக்கொண்டாள். பிறகு மெல்ல நடந்து அக்கரைப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தால் பாலத்தின்மேல் குப்பம்மாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். வந்து சேர்ந்ததும், மகள் வலதுபக்கம் கட்டின முடிச்சு ஒன்று கோணலாக இருக்கிறது என்றாள்.

திரௌபதி ஈரப் பாவாடையோடு வகுப்பில் போய் நின்றாள். உட்காருவதற்கு முன்பே, நாளைக்குச் சொல்கிறேன் என்றீர்களே சார் என்றாள். ஆதிநாராயணன் விழித்தார். நினைவு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவருக்கே விடை தெரியாது. மழை காப்பாற்றியது என்று நினைத்திருந்தார். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு புத்தகத்தில் தேடி வைத்திருந்தார். மழை பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, அதிலுள்ள உப்பை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகின்றன, வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது என்றார்.

திரௌபதி நம்பவில்லை. நம்ம மலையிலிருந்து உப்பு போகிறதென்றால், அந்த உப்பைப் பாயிடம் ஏன் வாங்குகிறோம்? ஆறு ஏன் கரிக்கவில்லை? மிகவும் கொஞ்சம், நாக்குக்குத் தெரியாது என்றார் வாத்தியார். ஒரு மழைக்கு எவ்வளவு போகும் என்று கேட்டாள். அந்தக் கணக்கெல்லாம் ஹைஸ்கூலில்தான் சொல்லித்தருவார்கள் என்று கையை விரித்தார். ஹைஸ்கூல் எங்கே என்றாள். திருப்பத்தூரில் என்றார்.

"நடுவுல ஆறு எதுனா இருக்குதா சார்?"

வீட்டுக்கு வந்து சட்டி நிறைய ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிட்டாள். அடியில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அம்மா சட்டி போயிற்றே என்று அங்கலாய்த்தாள். நசருல்லா பாய் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை வெளியே சொல்லிவிடாதே, என் பிழைப்பு போய்விடும் என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுவருஷம் பள்ளி திறக்கும் சமயம் அவளைத் திருப்பத்தூரில் சேர்ப்பதென்று ஆனது. துரைக்கண்ணுவுக்கு உழவு வேலை. குப்பம்மாள்தான் மகளோடு மலையிறங்கினாள். வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வந்த திரௌபதி, ஊரும் பஸ்ஸும் கண்ணில் படத் தொடங்கியதும் அடங்கிப்போனாள். திரும்பிப் போய்விடலாமா, அங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றாள்.

"வூட்ல மட்டும் நாங்க இன்னா அழுதுக்கினா இருந்தோம்?" என்றாள் குப்பம்மாள். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

தலைமையாசிரியை நல்ல மாதிரிதான். பெயர், ஊர் எல்லாம் விசாரித்துவிட்டு, படித்து என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். டீச்சர் என்றோ நர்ஸ் என்றோ பதில் வரும் என்று பேனாவை மூடிக்கொண்டிருந்தார். திரௌபதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இஞ்சினீர் என்றாள். தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த எழுத்தரும் சிரித்தார்.

குப்பம்மாள் அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். இப்போது மேசையருகே வந்தாள்.

"சிரிங்கம்மா, பரவால்ல. நாங்களும் ஊரோட சிரிச்சுப் பாத்துட்டோம். அவ கேக்கறதில்லீங்க" என்றாள்.

தலைமையாசிரியையின் சிரிப்பு மெல்ல நின்றது. அவர் திரௌபதியை இன்னொரு முறை, இந்தத் தடவை கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுத்தரிடம், முன்வரிசையில் இடமிருக்கிறதா பாருங்கள் என்றார்.