தரணீதரனின் ஈர பனியன்

சிவன்மலை முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். சுட்டால் எனக்கு இன்னொரு கையும் இருக்கிறது.

வேலம்பாளையத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கிற பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர் தரணீதரன். ஆளுக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்லை, பல்லும் ஏழெட்டுதான். லட்சத்தில் ஒருத்தருக்கு வருகிற பரம்பரை வியாதி என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னாராம். யாராவது கேட்டால் தரணி சொல்வார்: "எங்கம்மா கூடப்பொறந்த மாமன் சொத்துங்க இது. காட்டையெல்லாம் மத்தவங்களுக்குக் குடுத்துப்போட்டு, இதை எனக்கு வெச்சுட்டுப் போயிட்டாரு."

வெள்ளைச் சரக்குக்கு இப்படி ஓர் ஆள் கிடைக்க முதலாளி அப்புசாமி கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஒரு பீஸிலும் வேர்வைக் கறை படாது. ஆனால் வேர்க்காத உடம்பு சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? காய்ச்சலாக ஏறி ஆளைச் சாய்த்துவிடும். அதனால் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். சித்திரை வெயிலில், தகர ஷீட்டுக்குக் கீழே, அதிலிருந்து ஆவி பறக்கும். கரண்ட் போன ஒரு நாள் அயர்ன் மாஸ்டர் ராஜபாண்டி டி-ஷர்ட் காலரையெல்லாம் இவர் முதுகில் வைத்துத்தான் தேய்த்தான். துவைத்தும் மடிப்பு போகவில்லை.

போன சித்திரையில், எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆபீஸிலிருந்து அனுப்பிரியா மேடம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தார். செக்கிங் டேபிள் பக்கம் ஈரமே ஆகாது என்பது பையர் சட்டம். வெள்ளைத் துணியில் பூஞ்சை பிடித்துவிடுமாம். ஈரமில்லாமல் தரணியால் உட்கார முடியாது, உட்காராவிட்டால் வேலை கிடையாது. சொட்டச் சொட்ட நின்றவரைக் காட்டி மேடம் யாரென்று கேட்டார். முதலாளி வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது நம்ம ஷ்ரிங்கேஜ் டெஸ்டுங்க மேடம்."

துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கிற டெஸ்ட். ஊரெல்லாம் ஒரு துண்டை வெட்டி மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். நம் கம்பெனியில் ஆள் மேலேயே போட்டுப் பார்ப்பதாக முதலாளி விளக்கினார். மேடம் டேப்பை எடுத்து தரணியின் நெஞ்சை அளந்தார், நீளத்தை அளந்தார், காய்ந்ததும் மறுபடி அளந்தார். நூலளவும் சுருங்கவில்லை.

"எத்தனை வருஷமா இந்த டெஸ்ட் பண்றீங்க?"

"பொறந்ததிலிருந்துங்க," என்றார் தரணி.

அதோடு விட்டிருக்கலாம். தரணிக்குப் பொய் செரிக்காது. வியாதியைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். முதலாளி ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"சரக்க வேணா ரெண்டடி தள்ளி வெச்சுக்கறனுங்க," என்றார் தரணி. "என்னை மட்டும் தள்ளி வெச்சுராதீங்க."

மேடம் டேபிளை அவரே தள்ளிப் போட்டார். நூலளவும் சுருங்காத அந்த டெஸ்ட் பிடித்துப்போனதால், அங்கிருந்தே போனை எடுத்து, இனிமேல் எல்லாக் கம்பெனியிலும் ஆள் மேல்தான் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் என்று உத்தரவும் போட்டார். மறுவாரமே சோமனூர் வரைக்கும் கம்பெனிக்கு ஒருத்தன் ஈர பனியனோடு உட்கார்ந்தான். அவர்களுக்கெல்லாம் சுரப்பி ஒழுங்காக இருந்ததால் ஜலதோஷம் பிடித்தது. அவர்கள் போட்ட தும்மலில் அவிநாசி ரோட்டில் லாரித் தார்ப்பாய் கழன்று பறந்ததை நானே பார்த்தேன். தரணி மட்டும் அதே டேபிளில் இன்றைக்கும் ஜம்மென்று வேலை பார்க்கிறார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் செக்கிங் ஹாலுக்குக் கட்டின நாளிலிருந்தே ஏசி.