மண்ணுக்குள் பார்க்க ஓர் இயந்திரம்

பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கு நியூட்ரான் இயந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து குண்டடம் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்கள். அந்த இயந்திரத்துக்காக வருடக்கணக்கில் அலைந்த கல்லூரிப் பேராசிரியை ஜெயசுதா எழுந்து பேசினாள்.

"இது அணு உலை இல்லீங்க. ஒரு ரூமுக்குள்ள அடங்கிரும். புரோட்டானை வேகமா ஓட்டி ஒரு உலோகத் தகட்டுல மோத விட்டா நியூட்ரான் வரும். சுவிட்சை அணைச்சா அதுவும் நின்னுரும். செடியப் புடுங்காமலே, மண்ணுக்குள்ள வேர் தண்ணி குடிக்கறதப் படம் புடிக்கலாங்க. உப்பேறுன மண்ணுல பயிரு ஏன் கருகுதுன்னு கண்ணாலயே பாக்கலாம்."

பின்வரிசையில் சின்னாத்தாள் எழுந்தாள். மிளகாய்த் தோட்டம் பாழாய்ப் போனபின் பனியன் கம்பெனி வேன் ஏறி, துணியில் நூல் பிசிறு வெட்டப் போகிறவள்.

"நீ சாயப்பட்டறை சிவசுப்பிரமணியம் மகதான கண்ணு?"

"ஆமாங்க."

"உங்கப்பனும் பட்டறை போடறப்ப இங்க நின்னுதான் சொன்னாரு, தண்ணிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. எங்க கெணறு செவந்து போச்சு. எங்க மண்ணு ஏன் கருகுதுன்னு பாக்க உனக்கு மெசின் வேற வேணுமா?"

மண்டபமே சிரித்தது. ஜெயசுதாவுக்குக் காது சுட்டது. அந்தக் கிணறுகளை நினைத்துத்தான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தாள். இப்போது சொன்னால் நடிப்பு என்பார்கள்.

"கதிர்வீச்சு இருக்குமா, இருக்காதா? அதச் சொல்லுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

இருக்காது என்று சொல்லிவிட்டால் போதும். நாக்கு வரவில்லை.

"ஓடறப்ப இருக்குமுங்க. நிறுத்துன பொறவும் அந்தத் தகட்டுல கொஞ்சம் இருக்கும். ஆனா கான்கிரீட் சுவத்தத் தாண்டி..."

மிச்சம் யார் காதிலும் விழவில்லை. நாற்காலிகள் சரிய எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கல்லூரித் தாளாளர் அங்கேயே திட்டத்தைக் கைகழுவினார்.

திருப்பூரில் வீடு திரும்பியபோது அப்பாவுக்கு விஷயம் எட்டியிருந்தது.

"இருக்குதுன்னு எதுக்குச் சொன்னே? ஒண்ணும் இல்லீங்கன்னு சொல்லீட்டு வரோணும். நான் அப்படிச் சொல்லித்தான் பட்டறைய ஓட்டுனேன். அதுலதான் உன்னையும் படிக்க வெச்சேன்."

ஜெயசுதா தட்டில் போட்ட சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

இயந்திரம் வேறு மாநிலத்துக்குப் போனது. ஜெயசுதா அவிநாசிபாளையத்தில் தனியாக வீடு பிடித்துப் போய்விட்டாள். காலேஜுக்குப் பக்கம், வேற ஒண்ணும் இல்லீங்க என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். சொந்தக்காரர்கள் நம்பினார்கள்.